நிறம் மாறிய பழைய நாணயம்: அச்சுப் பிழையா, வெறும் கறையா?

விசித்திரமான நிறத்தில் ஒரு பழைய காசு கிடைத்தால், நான் லென்ஸுக்கு முன்னால் தராசைத்தான் எடுப்பேன். 0.01 கிராம் வரை காட்டும் சின்னத் தராசு போதும். காசைத் தேய்த்துக் கழுவ மட்டும் வேண்டாம்.

அந்த ஆண்டுக் காசின் எடையையும் உலோகத்தையும் நாணயப் பட்டியலில் பாருங்கள். 1943ஆம் ஆண்டின் அமெரிக்க ஒரு சென்ட் நல்ல உதாரணம். போர்க்காலம் என்பதால் துத்தநாகம் பூசிய எஃகில் அடித்தார்கள். எடை சுமார் 2.7 கிராம். தவறிப்போய் வெண்கல வில்லையில் (அச்சடிக்கும் முன் இருக்கும் வெற்று உலோக வட்டு) அடிபட்ட சில காசுகள் 3.11 கிராம் இருக்கும், காந்தத்தில் ஒட்டாது. செம்பு நிறத்தில் இருந்தும் ஒட்டுகிறதா? எஃகுக் காசுக்கு யாரோ முலாம் பூசியிருக்கிறார்கள். சரி, ஒட்டவில்லை என்றாலும் உடனே துள்ள வேண்டாம். 1948இன் 8ஐச் செதுக்கி 3 ஆக்குகிற கெட்டிக்காரர்களும் உண்டு. ஆண்டு எண்ணை லென்ஸில் பாருங்கள்.

எடை சரியாக இருந்தால், நிறம் பெரும்பாலும் புழக்கத்தில் வந்ததுதான்: மண், சூடு, ரசாயனம். வெள்ளியில் படரும் நீலமும் ஊதாவும் கந்தகத்தின் வேலை.

அடுக்கு உலோகக் காசில் (நடுவில் செம்பு, இருபுறமும் வேறு உலோகம்) ஒரு முகம் மட்டும் செம்பாகத் தெரிந்து எடையும் குறைந்தால் ஆர்வம் கூடும். மேலடுக்கு இல்லாமலே அடிபட்டிருக்கலாம். ஆனால் அமிலத்தில் ஊறிய காசும் எடை குறையும். அதில் எழுத்துகள் மெலிந்து, விளிம்பு கரைந்திருக்கும். உண்மையான பிழையில் எழுத்துகள் பெரும்பாலும் தெளிவாகவே நிற்கும். அப்படி இருந்தால், அப்புறம் நாணயச் சான்று நிறுவனத்துக்கு அனுப்பலாம்.