பேட்டரி சார்ஜர் இண்டக்டர்: பாபினை அச்சிடுங்கள், கோரை வாங்குங்கள்

சார்ஜரில் உள்ள இண்டக்டர் என்பது காந்தப் பொருளாலான கோரின் மேல் சுற்றிய செப்புக் கம்பிச் சுருள். கம்பியைத் தாங்கும் உருளைதான் பாபின். 3டி பிரிண்டர் கைக்கு வந்ததும், இரும்புத் தூள் கலந்த பிஎல்ஏ பிளாஸ்டிக் இழையில் கோரையே அச்சிட்டுவிடலாம் என்று தோன்றும். வேண்டாம். அந்த இழையின் உட்புகுதிறன் (காந்தப்புலத்தைக் காற்றைவிட எத்தனை மடங்கு எளிதாகக் கடத்தும் என்ற அளவு) பத்துக்கும் கீழேதான். கீழே சொல்லும் இண்டக்டருக்கு, கோரில் விடும் காற்றிடைவெளியையும் சேர்த்துக் கணக்கிட்டாலே 54 தேவை. கஞ்சமலையில் கிடைக்கும் மேக்னடைட் இரும்புத்தாதைப் பொடித்துப் பிசினில் வார்க்கலாமா என்று சேலத்துக்காரர்கள் கேட்பது நியாயம்தான். ஆனால் அது குவார்ட்ஸ் கலந்த தாது, காந்தத் தயக்க இழப்பும் (புலம் திசை மாறும்போதெல்லாம் சூடாக வீணாகும் ஆற்றல்) அதிகம். இந்த சார்ஜர் சுவிட்ச் ஆகும் 100 கிலோஹெர்ட்ஸுக்கு, பீங்கான் போன்ற மாங்கனீசு-துத்தநாக ஃபெர்ரைட்தான் சரி.

பிரிண்டர் உண்மையில் உதவுவது பாபினுக்கு. காரணம் பின்னால் வருகிறது.

எடுத்துக்காட்டாக, 100 வோல்ட் சோலாரிலிருந்து 16 செல் எல்எஃப்பி (லித்தியம் இரும்பு பாஸ்பேட்) பேட்டரிக்கு 50 வோல்ட் அளவில், 20 ஆம்பியர் தரும் பக் மாற்றி, அதாவது மின்னழுத்தத்தைக் குறைத்துத் தரும் சுற்று. மின்னோட்ட ஏற்ற இறக்கம் 6 ஆம்பியர் என்றால் 42 மைக்ரோஹென்றி வேண்டும், உச்சம் 23 ஆம்பியர். இடிடி 49 என்பது மூன்று கால் கொண்ட இரு பாதிகள் எதிரெதிரே சேரும் கோர், அதன் குறுக்குப் பரப்பு 211 சதுர மி.மீ. அதில் 18 சுற்று போட்டால் காந்தப்புலம் 0.25 டெஸ்லாவில் நிற்கும். சூடான ஃபெர்ரைட் 0.39 அளவில் தெவிட்டும் (அதற்கு மேல் புலத்தை ஏற்காது, இண்டக்டன்ஸ் சரியும்), ஆகவே போதுமான இடம் இருக்கிறது. மொத்தக் காற்றிடைவெளி 2 மி.மீ. மூன்று கால்களிலும் பாதிகளுக்கு நடுவே தகடு வைப்பதால், புலம் இரண்டு இடைவெளிகளைக் கடக்கும், ஆகவே தகட்டின் தடிமன் 1 மி.மீ.

அந்தத் தகட்டை மட்டும் அச்சிடாதீர்கள். கிளாம்ப் அழுத்தத்திலும் சூட்டிலும் பிளாஸ்டிக் மெல்ல நசுங்கும். இடைவெளி குறைந்தால் இண்டக்டன்ஸ் ஏறி, கோர் முன்கூட்டியே தெவிட்டும். செப்பு உரித்த 1 மி.மீ. கண்ணாடி எபாக்சி போர்டை வெட்டி வையுங்கள்.

இடைவெளியில் காந்தப்புலம் பக்கவாட்டில் பிதுங்கி, அருகில் இருக்கும் செப்பைச் சுட வைக்கும். கடை பாபினின் சுவர் மெல்லியது, கம்பி இடைவெளியை ஒட்டியே உட்காரும். நாம் அச்சிடுவதில் சுவரை 2 மி.மீ. வைத்தால் 1 மி.மீ. இடைவெளியைப் போல இரு மடங்கு தூரம் செப்பு தள்ளி நிற்கும். உள்விட்டம் 17.1 மி.மீ. நடுக்கால் 16.7 வரை வரலாம் என்பதால் வெர்னியரில் அளந்த பிறகே கோப்பை முடியுங்கள். குழாயை ஒரு விளிம்போடு நிமிர்த்தி அச்சிட்டு, இன்னொரு விளிம்பைத் தனி வளையமாக எபாக்சியில் ஒட்டுங்கள். விளிம்பு ஒடிவது சேரும் மூலையில்தான், அங்கே 1.5 மி.மீ. வளைவு கொடுங்கள்.

பொருள் பாலிகார்பனேட். பிஎல்ஏ 60 டிகிரியில் தளரும், இன்னொரு வழக்கமான இழையான பெட்ஜி (PETG) 80-ல். சித்திரை வெயிலில் சேலத்து ஷெட்டுக்குள் இருக்கும் இண்டக்டர் இரண்டையும் தாண்டிவிடும். கார்பன் கலந்த இழை மின்சாரம் கடத்தக்கூடும், தொடவே வேண்டாம். மூடிய பிரிண்டர், படுகை 110 டிகிரி. ஏற்காட்டில் மழைக்காலத்தில் இழை ஈரம் இழுத்து, முனையில் சடசடவென்று பொரியும், அடுக்குகள் ஒட்டாது. 80 டிகிரியில் எட்டு மணி நேரம் உலர்த்திவிட்டு அச்சிடுங்கள்.

100 கிலோஹெர்ட்ஸில் மின்னோட்டம் செப்பின் மேல்தோலில் 0.2 மி.மீ. ஆழம்தான் ஓடும். அதனால் தடித்த ஒற்றைக் கம்பி வீண். 0.2 மி.மீ. எனாமல் கம்பி 160 இழைகளை 2 மீட்டர் நீளத்தில் முறுக்குங்கள், 90 கிராம் செப்பு போகும். அடுக்குக்கு 9 சுற்றாக இரண்டு அடுக்கு. மோட்டார் காயில் கட்டும் கடைகளில் கிடைக்கும் கம்பியின் எனாமல் பல நேரம் சால்டரில் உருகாது. நுனியைச் சுரண்டாமல் விட்டால் பாதி இழைகள் இணையாமல் போய், காயில் காரணம் தெரியாமல் சுடும். மில்லி ஓம் மீட்டரில் 6-7 மில்லி ஓம் அளவில் வரவேண்டும். மோட்டார் வார்னிஷில் முக்கவும் கூடாது. அதிலுள்ள தின்னர் பாலிகார்பனேட்டை விரிசல்விடச் செய்யும். எபாக்சி பூசுங்கள்.

இண்டக்டன்ஸை அளக்கும் எல்சிஆர் மீட்டர் 42 மைக்ரோஹென்றிக்குச் சற்று மேலே காட்டுவது இயல்பு, பிதுங்கும் புலமும் சேர்வதால். 50 காட்டினால் இடைவெளியைக் கூட்டத் தகட்டோடு கேப்டன் (Kapton) எனும் சூடு தாங்கும் டேப் சேருங்கள். பிறகு காயிலை 90 டிகிரிக்குச் சூடாக்கி, 50 வோல்ட்டில் 25 மைக்ரோநொடித் துடிப்பு கொடுத்து ஆசிலாஸ்கோப்பில் மின்னோட்டத்தைப் பாருங்கள். 30 ஆம்பியர் வரை கோடு நேராக ஏற வேண்டும். அதற்குள் மேல்நோக்கி வளைந்தால் கோர் முன்கூட்டியே தெவிட்டுகிறது, தகடு மெலிதாகிவிட்டது. பொருத்தும்போது இரும்புப் பெட்டியின் சுவரை ஒட்டி வைக்காதீர்கள். வெளிக்கால் இடைவெளிகள் அந்தச் சுவரையும் சுட வைக்கும்.