மறைத்ததாக நினைத்து அனுப்பும் கோப்புகள்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒரு ஆவணத்தையோ படத்தையோ பிறருக்கு அனுப்புமுன் சிலவற்றை மறைக்க வேண்டியிருக்கும். கணக்கு எண், வீட்டு முகவரி, நோயாளியின் பெயர், யாரோ ஒரு குழந்தையின் முகம். இந்த வேலையைப் புதிதாகச் செய்பவர்களைக் கவனித்தால், முன்னே செய்தவர்கள் விழுந்த அதே பள்ளங்களில் வரிசை மாறாமல் விழுகிறார்கள். கருவிகள் மாறிவிட்டன, பள்ளங்கள் அங்கேயேதான் இருக்கின்றன. கடவுச்சொல்லைச் சொல்லாதீர்கள், தெரியாதவர் அனுப்பிய இணைப்பைத் தொடாதீர்கள் என்பதெல்லாம் இங்கே வராது. அதெல்லாம் நன்றாகத் தெரிந்தவர்களே கோட்டைவிடும் இடங்களை மட்டும் பார்ப்போம்.

கறுப்புப் பட்டையை மேலே வைத்து, எழுத்தை அடியில் விட்டுவிடுவது

எத்தனை முறை பார்த்தாலும் எரிச்சல் குறையாத தவறு இது. காரணம், பார்வைக்கு அவ்வளவு கச்சிதமாக இருக்கும். பி.டி.எஃப். கோப்பைத் திறக்கிறார்கள், மறைக்க வேண்டிய வரியின் மேல் கறுப்புச் செவ்வகம் வரைகிறார்கள், சேமித்து அனுப்பிவிடுகிறார்கள். திரையில் கறுப்பு, அச்செடுத்தாலும் கறுப்பு. ஆனால் அந்தக் கறுப்பின் மேல் மவுஸை இழுத்து, காப்பி செய்து, நோட்பேடில் பேஸ்ட் செய்தால் வாக்கியம் முழுசாக வந்து விழும்.

பி.டி.எஃப். என்பது தாளின் புகைப்படம் அல்ல. ‘இந்த இடத்தில், இந்த எழுத்துருவில், இந்த எழுத்தை வை, அங்கே ஒரு கோடு போடு’ என்று வரிசையாக எழுதிய கட்டளைகள்தான் அது. நீங்கள் வரைந்த செவ்வகம் அந்த வரிசையின் கடைசியில் சேரும் இன்னொரு கட்டளை, அல்லது பக்கத்தின் மேல் ஒட்டிய தனிக் குறிப்பு. எழுத்தை வைக்கச் சொன்ன பழைய கட்டளையை யாரும் தொடவில்லை. குறிப்பாக ஒட்டிய செவ்வகம் என்றால் காப்பிகூட வேண்டாம், அதைச் சொடுக்கி டெலீட் தட்டினால் கழன்று வந்துவிடும். வேர்டில் எழுத்தின் பின்னணியைக் கறுப்பாக்கிவிட்டு பி.டி.எஃப். ஆக மாற்றுவதற்கும் இதே கதிதான்.

2019 ஜனவரியில், டொனால்ட் டிரம்பின் முன்னாள் பிரசாரத் தலைவர் பால் மானஃபோர்ட்டின் வழக்கறிஞர்கள் நீதிமன்றத்தில் தாக்கல் செய்த ஆவணத்தில் இதுதான் நடந்தது. நிருபர்கள் கறுப்பு வரிகளைக் காப்பி செய்து ஒட்டினார்கள். தேர்தல் கருத்துக்கணிப்புத் தரவை மானஃபோர்ட் தன் கூட்டாளி ஒருவரிடம் பகிர்ந்தார் என்ற குற்றச்சாட்டு அன்றைக்கே ஊரறிந்த செய்தி ஆனது. சட்டம் கரைத்துக் குடித்தவர்கள். கோப்பு எப்படி வேலை செய்கிறது என்பதில் சறுக்கினார்கள்.

சரியான வழி எது? உங்களிடம் மூல வேர்டு கோப்பு இருந்தால் கறுப்பே வேண்டாம். ஒரு பிரதி எடுத்து, அந்த வரிகளை நிஜமாகவே அழித்து, அந்த இடத்தில் ‘மறைக்கப்பட்டது’ என்று தட்டச்சு செய்து, அந்தப் பிரதியை பி.டி.எஃப். ஆக்குங்கள். இவ்வளவு எளிதான வழி இருக்கும்போது கறுப்பின் மேல் ஏன் இத்தனை மோகம் என்று புரியவில்லை. ரகசிய ஆவணம் மாதிரித் தெரிகிறது என்பதாலோ என்னவோ.

பி.டி.எஃப். மட்டும்தான் கையில் இருக்கிறது என்றால், ‘ரிடாக்ட்’ என்ற பெயருள்ள கருவி வேண்டும். அடோபியின் பி.டி.எஃப். மென்பொருளான அக்ரோபாட்டின் கட்டணப் பதிப்பில் இருக்கிறது. மேக் கணினியின் பிரிவியூவிலும் 2020-இல் வந்த பிக் சர் பதிப்பு முதல் இருக்கிறது. செவ்வகம் வரையும் கருவி வேறு, இது வேறு. அக்ரோபாட்டில் இதற்கு இரண்டு கட்டங்கள் உண்டு: முதலில் மறைக்க வேண்டியதைக் குறிப்பது, பிறகு ‘அப்ளை’ கொடுப்பது. குறித்ததோடு சேமித்து அனுப்புபவர்கள்தான் அதிகம். அப்ளை கொடுக்கும்வரை ஒரு எழுத்துகூட அழிந்திருக்காது. அப்ளை கொடுத்தபின் ‘சானிடைஸ்’ என்பதையும் ஓட்டுங்கள். கருத்துக் குறிப்புகள், இணைப்புகள், புக்மார்க்குகள், எழுதியவர் பெயர் எல்லாம் அதில்தான் போகும். கடைசியில் புதிய பெயரில் ‘சேவ் ஆஸ்’. வெறும் ‘சேவ்’ கொடுத்தால் சில மென்பொருள்கள் மாற்றத்தைக் கோப்பின் வாலில் மட்டும் சேர்த்துவிட்டு, பழைய உள்ளடக்கத்தை உள்ளேயே வைத்திருக்கும்.

அந்தக் கருவியும் இல்லையா? கறுப்பு அடித்த ஒவ்வொரு பக்கத்தையும் படமாக ஏற்றுமதி செய்யுங்கள். அங்குலத்துக்கு 200 முதல் 300 புள்ளி போதும். அந்தப் படங்களைச் சேர்த்துப் புதிய பி.டி.எஃப். ஆக்குங்கள். கோப்பு பெரிதாகும், உள்ளே தேட முடியாது. பரவாயில்லை. இதற்குப் பதிலாக ‘பிரின்ட் டு பி.டி.எஃப்.’ கொடுப்பவர்கள் உண்டு. அது வம்பு. பல சமயம் செவ்வகம் கழற்ற முடியாதபடி ஒட்டிக்கொள்ளும், எழுத்து மட்டும் அடியில் பத்திரமாக இருக்கும்.

ஸ்கேன் செய்த தாள்தானே, அது படம்தானே என்று நிம்மதியாக இருக்காதீர்கள். ஸ்கேன் செய்யும் செயலிகள் பல, கேட்காமலே ஓ.சி.ஆர். (படத்திலுள்ள எழுத்தைப் படிக்கும் நிரல்) ஓட்டி, படத்தோடு கண்ணுக்குத் தெரியாத எழுத்து அடுக்கு ஒன்றைச் சேர்த்துவிடும். படத்தில் கறுப்பு அடிப்பீர்கள், அடுக்கில் பெயர் அப்படியே இருக்கும்.

அனுப்புமுன் சோதனை இரண்டு நிமிடம்கூட ஆகாது. கோப்பை வேறொரு மென்பொருளில் திறங்கள், பிரவுசர்கூடப் போதும். கன்ட்ரோலும் ஏ-யும் அழுத்தி எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து, காப்பி செய்து, நோட்பேடில் ஒட்டிப் படியுங்கள். மறைத்த பெயரைத் தேடல் பெட்டியில் போட்டுப் பாருங்கள். பக்கவாட்டில் புக்மார்க் பட்டியலைத் திறங்கள். 2021 ஜனவரியில் ஐரோப்பிய ஆணையம் அஸ்ட்ராஜெனிகா தடுப்பூசி ஒப்பந்தத்தைக் கறுப்படித்து வெளியிட்டபோது, பக்கங்களில் மறைத்த சில பகுதிகள் புக்மார்க் பட்டியலில் படிக்கக் கிடைத்தன. கோப்பின் பெயரையும் ஒருமுறை பாருங்கள். உள்ளே நாற்பது இடத்தில் மறைத்த பெயரையே கோப்புக்குச் சூட்டி அனுப்புபவர்கள் இருக்கிறார்கள்.

எல்லாம் சரியாகச் செய்தபின்னும் ஒரு கசிவு மிச்சம்: பட்டையின் நீளம். பெரும்பாலான எழுத்துருக்களில் ஒவ்வொரு எழுத்துக்கும் அகலம் வேறு. பெயரின் அளவுக்கு நறுக்கென்று பட்டை போட்டால், சந்தேகப்படும் ஐந்து பெயர்களில் எது அந்த இடத்தில் உட்காரும் என்று அளந்து பார்த்துவிடலாம். வரியின் இந்த முனை முதல் அந்த முனை வரை மறையுங்கள்.

கைபேசியின் ஹைலைட்டரால் பூசுவது

அது ஒளி ஊடுருவும் மை. நாலு தடவை பூசினால் கண்ணுக்குக் கறுப்பாகத் தெரியும், படத்தின் வெளிச்சத்தைக் கூட்டினால் எண் மேலே வந்துவிடும். நிறம் நிரப்பிய செவ்வகத்தை வைத்து மறையுங்கள். பிறகு அந்தத் திரையை ஸ்கிரீன்ஷாட் எடுத்து அதை அனுப்புங்கள்.

மங்கலாக்கினால் போதும் என்று இருப்பது

கட்டம் கட்டமாக மங்கலாக்கும்போது, ஒவ்வொரு கட்டத்திலும் அதன் அடியில் இருந்த நிறங்களின் சராசரி இருக்கிறது. தகவல் குறைகிறது, காணாமல் போகவில்லை. இலக்கத்துக்கு 0 முதல் 9 வரை பத்தே வாய்ப்புகள். எழுத்துரு தெரிந்துவிட்டால் ஒவ்வொன்றையும் அதேபோல மங்கலாக்கி, எது ஒத்துப்போகிறது என்று கணினி பார்த்துவிடும். இதைச் செய்வதற்கென்றே 2020-இல் டீபிக்ஸ், 2022-இல் அன்ரிடாக்டர் என்ற இலவசக் கருவிகள் வந்தன. முகத்தைச் சுழற்றிக் குழப்பும் விளைவு இதைவிட மோசம். திருப்பிச் சுழற்றினால் முகம் வந்துவிடும். 2007-இல் இன்டர்போல் ஒரு குற்றவாளியின் முகத்தை அப்படித்தான் வெளியே கொண்டுவந்தது. அவனுக்கு நேர்ந்தது நல்லதுதான், ஆனால் உங்கள் ஆவணத்துக்கும் அதே கணக்குதான்.

எண்ணுக்கும் எழுத்துக்கும் ஒரே நிறப் பட்டை. வேறு எதுவும் வேண்டாம்.

வெட்டிய ஓரம் போய்விட்டது என்று நம்புவது

வேர்டிலும் பவர்பாயின்ட்டிலும் படத்தை கிராப் செய்தால் ஓரம் ஒளிந்துகொள்கிறது, அவ்வளவுதான். பெறுபவர் கிராப் விளிம்பை இழுத்தால் திரும்பி வரும். ‘கம்ப்ரெஸ் பிக்சர்ஸ்’ என்பதற்குள் போய், வெட்டிய பகுதிகளை நீக்கும் தெரிவைக் கொடுத்தால்தான் நிஜமாகப் போகும்.

2023 மார்ச்சில் வெளியான கதை இன்னும் கொடுமை. கூகுள் பிக்சல் கைபேசிகளின் மார்க்அப் செயலியில் ஸ்கிரீன்ஷாட்டை வெட்டிச் சேமித்தால், சிறிய புதிய படம் பழைய கோப்பின் மேலேயே எழுதப்பட்டது, ஆனால் மிச்சமிருந்த பழைய பகுதி துண்டிக்கப்படவில்லை. அந்த வாலிலிருந்து வெட்டிய பகுதியில் பெரும் பங்கை மீட்க முடிந்தது. விண்டோஸின் ஸ்னிப்பிங் டூலிலும் அதே ஓட்டை. இரண்டையும் அடைத்துவிட்டார்கள். அதற்கு முன் அனுப்பிய படங்களுக்கு அந்தத் திருத்தம் போய்ச் சேராது.

பார்கோடையும் கியூ.ஆர். கோடையும் அலங்காரம் என்று நினைப்பது

படிக்கத் தெரியாதது உங்களுக்குத்தான், கேமராவுக்கு அல்ல. எண்ணை மறைத்தால் பார்கோடையும் கியூ.ஆரையும் மறையுங்கள். ஆஸ்திரேலியாவின் முன்னாள் பிரதமர் டோனி அபாட் 2020-இல் தன் விமானப் போர்டிங் பாஸின் படத்தை இன்ஸ்டாகிராமில் போட்டார். அதிலிருந்து கிடைத்த முன்பதிவு எண்ணை வைத்து ஒருவர் அவருடைய பாஸ்போர்ட் எண் வரை போய்விட்டார். நல்லவேளை, கண்டுபிடித்தவர் முறையாகத் தகவல் சொன்னார்.

புகைப்படத்துக்குள் இருக்கும் ஊர்

கைபேசிக் கேமராவுக்கு இருப்பிட அனுமதி கொடுத்திருந்தால், ஒவ்வொரு படத்துக்குள்ளும் எக்ஸிஃப் என்ற தகவல் கட்டில் அட்சரேகையும் தீர்க்கரேகையும் பதிவாகும். 2012 டிசம்பரில், தலைமறைவாக இருந்த வைரஸ் தடுப்பு மென்பொருள் நிறுவனர் ஜான் மெக்காஃபியுடன் எடுத்த படத்தை ஒரு பத்திரிகை வெளியிட்டது. அவர் குவாத்தமாலாவில் எங்கே இருக்கிறார் என்பது அந்தப் படத்துக்குள்ளேயே இருந்தது. வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் இந்தத் தகவல் கழிந்துவிடும். தரம் குறையாமல் இருக்கட்டும் என்று ‘டாக்குமென்ட்’ ஆக அனுப்பினால் கழியாது. மின்னஞ்சல் இணைப்பிலும் கழியாது. விற்பனைக்கு வைக்கும் பொருளை வீட்டிலேயே படமெடுத்து அனுப்புபவர்கள் இதைக் குறித்துக்கொள்ள வேண்டும்.

ஒளித்த தாளுடன் எக்செல் அனுப்புவது

‘ஹைட்’ என்றால் அழிப்பது இல்லை. 2023 ஆகஸ்டில் வட அயர்லாந்துக் காவல்துறை ஒரு தகவல் உரிமைக் கேள்விக்குப் பதிலாக எக்செல் கோப்பைக் கொடுத்தது. கண்ணில் படாத தாள் ஒன்றில் 9,483 காவலர்கள், ஊழியர்களின் விவரம் இருந்தது. அது சில மணி நேரம் இணையத்தில் கிடந்தது. சிலருக்கு உயிர் பயம். துறைக்கு 7,50,000 பவுண்டு அபராதம். தேவையான செல்களை மட்டும் காப்பி செய்து, புதிய கோப்பில் ‘வேல்யூஸ்’ ஆக ஒட்டி, அந்தக் கோப்பை அனுப்புங்கள். தரவைத் தொகுத்துக் காட்டும் பிவட் அட்டவணை இருந்தால் கூடுதல் கவனம்: மூலத் தரவை நீக்கினாலும் அதன் பிரதி அட்டவணையின் நினைவில் இருக்கலாம்.

எல்லோரையும் ‘டு’ வரிசையில் போடுவது

மின்னஞ்சலில், பெறுபவர்களின் முகவரியை ஒருவருக்கொருவர் காட்டாத பி.சி.சி. உண்டு. 2021-இல் பிரிட்டன் பாதுகாப்பு அமைச்சகம் அதை மறந்து, ஆப்கானிஸ்தானிலிருந்து வெளியேறக் காத்திருந்த 245 பேரின் முகவரிகளை ஒருவருக்கொருவர் காட்டிவிட்டது. உயிர் சம்பந்தப்பட்ட பட்டியல் என்றால் பி.சி.சி.யும் போதாது, ஒவ்வொருவருக்கும் தனி மடலாகப் போகும் மெயில் மெர்ஜ்தான்.

உன் பெயரை மறைத்து அடுத்தவர் பெயரை விடுவது

தன் எண்ணையும் முகத்தையும் பார்த்துப் பார்த்து மறைத்துவிட்டு, அதே ஸ்கிரீன்ஷாட்டில் குழுவின் மற்ற நாலு பேரின் பெயர், எண், முகப்புப் படத்தை அப்படியே விடுவார்கள். இது தொழில்நுட்பக் குறைபாடு அல்ல, மரியாதைக் குறைபாடு. கேட்டுவிட்டுப் போடுங்கள். கேட்க முடியாதென்றால் மறையுங்கள். மறைக்க முடியாதென்றால் சொன்ன விஷயத்தை உங்கள் வார்த்தையில் எழுதுங்கள், படம் தேவையில்லை.

படத்தின் பின்னணியையும் விடாதீர்கள். ஹவாய் அவசரநிலை மேலாண்மை முகமையில் 2017-இல் எடுத்த ஒரு செய்திப் படத்தில், கணினித் திரையில் ஒட்டிய மஞ்சள் துண்டுச் சீட்டில் கடவுச்சொல் இருந்தது. 2018 ஜனவரியில் தவறான ஏவுகணை எச்சரிக்கை போய், எல்லோரும் அந்த முகமையைத் துருவிய பிறகுதான் அது கண்ணில் பட்டது.

அனுப்பியபின் அழித்துவிட்டு நிம்மதியாக இருப்பது

‘எல்லோருக்கும் அழி’ என்பது பார்க்காதவர்களிடமிருந்து மட்டும் உறுதியாகக் காப்பாற்றும். கசிந்தது அட்டை எண்ணானால் அட்டையை முடக்குங்கள், கடவுச்சொல்லானால் மாற்றுங்கள், மற்றவரின் விவரமானால் அவரிடம் அன்றைக்கே சொல்லுங்கள். அவரே வேறு வழியில் கேள்விப்படுவது இரண்டாவது அவமானம்.

இதே தவறை வேறு யாராவது செய்து, அந்தக் கோப்பு உங்கள் கைக்கு வந்தால், குழுவில் போட்டுக் கேலி செய்யாதீர்கள். அனுப்பியவருக்குத் தனியாக எழுதுங்கள்: ‘மூன்றாம் பக்கத்தில் மறைத்த வரியைக் காப்பி செய்ய முடிகிறது, கோப்பை மாற்றிவிடுங்கள்.’ பக்க எண் போதும். அந்த வரியில் என்ன இருந்தது என்பதை உங்கள் செய்தியில் திரும்ப எழுத வேண்டாம். உங்களிடம் உள்ள பிரதியை டவுன்லோட்ஸ் ஃபோல்டரிலிருந்தும் நீக்கிவிடுங்கள்.