உறைநிலத்து ஊரில் வீடு கட்டுவது எப்படி: அடித்தளமும் கப்பல் சாமானும்

நம் பக்கத்தில் வீட்டுக்கு வானம் தோண்டும்போது கொத்தனார் முதலில் கேட்பது, கெட்டி மண் எத்தனை அடியில் வருகிறது என்பதைத்தான். கனடாவின் வடகோடியிலும் அலாஸ்காவிலும் சைபீரியாவிலும் அந்தக் கேள்வி போதாது. அங்கே பாறை போலக் கெட்டியாக இருக்கும் மண், உள்ளே இருக்கும் பனிக்கட்டி உருகியதும் சேறாகிவிடக்கூடும். காரைக்குடியிலும் சுற்றியுள்ள ஊர்களிலும் சிவில் படித்துவிட்டு அந்தத் திசைக்கு வேலைக்குச் செல்லும் பிள்ளைகளுக்காக இதை எழுதுகிறேன். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: அங்கே அடித்தள வரைபடத்தையும் கப்பல் சாமான் பட்டியலையும் தனித்தனி வேலைகளாகப் பிரிக்கக் கூடாது, இரண்டையும் ஒரே மேசையில் ஒன்றாகத் தொடங்க வேண்டும்.

தொடர்ந்து 2 ஆண்டுகளோ அதற்கு மேலோ 0 டிகிரி செல்சியஸைத் தாண்டாத நிலத்தைப் பெர்மாஃப்ராஸ்ட் என்கிறார்கள். நாம் உறைநிலம் என்று வைத்துக்கொள்ளலாம். அதன் மேல்மண் மட்டும் கோடையில் இளகி, குளிர்காலத்தில் மீண்டும் உறைகிறது. 1979 முதல் வடதுருவப் பகுதி உலகச் சராசரியைப் போல ஏறக்குறைய 4 மடங்கு வேகத்தில் சூடேறி வருவதால், இளகும் ஆழத்தைப் பற்றிய பழைய குறிப்புகளை மட்டும் நம்பி, 50 ஆண்டுகள் நிற்க வேண்டிய கட்டடத்துக்கு அடித்தளம் போடக் கூடாது.

ஆகவே முதல் வேலை துளையிட்டு மண் எடுப்பது. நிலம் உறைந்திருக்கும் குளிர்காலக் கடைசியில் இயந்திரத்தைக் கொண்டு சென்றால் மேற்பரப்புச் சிதையாது. மண்ணின் வகை, அதிலுள்ள பனிக்கட்டியின் அளவு, ஆழத்துக்கு ஆழம் வெப்பநிலை ஆகிய மூன்றும் தெரிய வேண்டும். கரும்பாறையும் பனிக்கட்டி இல்லாத சரளையும் உருகினாலும் பெரிதாக இறங்காது. பனிக்கட்டி நிறைந்த வண்டல்தான் ஆபத்தானது. மைனஸ் 6 டிகிரியில் உள்ள மண்ணும் மைனஸ் 1 டிகிரியில் உள்ள மண்ணும் பார்வைக்கு ஒன்றாக இருந்தாலும், பின்னது இரும்புத் தூணைப் பற்றிக்கொள்ளும் வலிமை மிகக் குறைவு. ஊர்ப் பெரியவர்களிடமும் கேளுங்கள். எந்த இடத்தில் பனி குவியும், எங்கே தண்ணீர் தேங்கும் என்பது அவர்களுக்கு நன்றாகத் தெரியும்.

அடுத்தது வெப்பம். நாம் முற்றம் வைத்தும் மூன்று கட்டு வைத்தும் வெளி வெப்பம் உள்ளே தங்காமல் பார்த்துக்கொண்டோம். அங்கே வீட்டுக்குள் எரியும் கணப்பின் வெப்பம் தரைக்குள் இறங்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். 1950களில் கனடாவின் வடமேற்கில், மெக்கன்சி ஆற்றுக் கழிமுகத்தில் இனுவிக் நகரைப் புதிதாக அமைத்தபோது கட்டடங்களைத் தூண்கள் மேல் தூக்கி நிறுத்தி, தண்ணீர்க் குழாய்களையும் கழிவுநீர்க் குழாய்களையும் வெப்பக்காப்புள்ள பெட்டிகளுக்குள் வைத்துத் தரைக்கு மேலேயே கொண்டுசென்றார்கள். வீட்டுக்கும் தரைக்கும் இடையே குளிர்காற்று தடையின்றி ஓட வேண்டும் என்பதே அதன் அடிப்படை. சாமான் போட்டு வைக்க வசதியாக இருக்கிறதென்று அந்த இடைவெளியைப் பலகை அடித்து மூடினால், தரை குளிர வழியில்லாமல் போகும். அடியில் குவியும் பனியும் தரைக்குப் போர்வை போலாகி அதே கேட்டைச் செய்யும். கூரைத் தண்ணீரையும் சமையலறைத் தண்ணீரையும் அடித்தளத்தை விட்டு விலக்கி வடிய விடுங்கள்.

மனையைச் சமன் செய்கிறேன் என்று மேலுள்ள பாசியையும் புல்லையும் சுரண்ட வேண்டாம்; நிலத்தின் குளிரைக் காப்பதே அதுதான். 2017இல் திறக்கப்பட்ட இனுவிக்–டுக்டோயாக்டுக் நெடுஞ்சாலையில் நிலத்தை வெட்டாமல், மண்விரிப்புத் துணியை விரித்து அதன் மேல் சரளையைக் கொட்டி உயர்த்தினார்கள். வீட்டு மனைக்கும் அதே முறை பொருந்தும்.

சிறிய மர வீட்டுக்குச் சரளை மேடை மேல் திருகு ஜாக்கி பொருத்திய இரும்புச் சட்டம் போதுமானது; நிலம் ஒரு பக்கம் இறங்கினால் ஜாக்கியைத் திருகி மட்டம் பார்த்துக்கொள்ளலாம். கனமான கட்டடத்துக்குத் துளையிட்டு இறக்கும் இரும்புத் தூண்கள் வேண்டும். சுற்றிலும் ஊற்றும் மணற்குழம்பு உறைந்து தூணைப் பற்றிக்கொள்ளும். தரையோடு தரையாக அமைய வேண்டிய வண்டிக் கொட்டகை போன்றவற்றுக்குத் தெர்மோசைஃபன் உதவும். மூடிய குழாய்க்குள் இருக்கும் கார்பன் டை ஆக்சைடு, குளிர்காலத்தில் அடியில் வெப்பத்தை வாங்கி ஆவியாகி, மேலே குளிர்காற்றில் மீண்டும் திரவமாகிக் கீழே இறங்கும். கோடையில் மேற்பகுதி சூடானதும் தானாகவே நின்றுவிடும். மின்சாரம் தேவையில்லை. 1977இல் முடிந்த அலாஸ்கா எண்ணெய்க் குழாய்ப் பாதையின் தூண்களில் இதே தத்துவத்தில் அமோனியா நிரப்பிய குழாய்கள் 1 லட்சத்துக்கும் மேல் உள்ளன.

இனி சாமான். கனடாவின் வடகோடி ஆட்சிப்பகுதியான நூனவுட்டின் 25 ஊர்களில் எதற்கும் தெற்கிலிருந்து சாலை கிடையாது. ஒரு ஊரிலிருந்து மற்றொரு ஊருக்கும் கிடையாது. கடல் இளகியிருக்கும் ஜூலை முதல் அக்டோபர் வரையிலான காலத்தில்தான் கப்பல் வரும். பல ஊர்களில் துறைமேடை இல்லாததால், சாமானைச் சிறு தோணிகளுக்கு மாற்றி, கடலேற்றம் பார்த்துக் கரையில் இறக்குகிறார்கள். ஆகவே கணக்கைப் பின்னிருந்து போடுங்கள். உறைமண் பற்றும் தூண்களை நிலம் நன்றாகக் குளிர்ந்திருக்கும் குளிர்காலக் கடைசியில் இறக்க வேண்டுமென்றால், அந்த இரும்பு முந்தைய கோடைக் கப்பலிலேயே ஊருக்கு வந்திருக்க வேண்டும். அதற்கான பட்டியல் அந்த ஆண்டின் வசந்தத்துக்குள் முடிந்திருக்க வேண்டும். மண் ஆய்வு அதற்கும் முந்தையது. முதல் கப்பலில் அடித்தள இரும்பும் வெப்பக்காப்புப் பலகையும் மண்விரிப்புத் துணியும், அடுத்த ஆண்டுக் கப்பலில் மரமும் சுவரும் சன்னலும் என்று இரண்டாகப் பிரிப்பதே நல்லது என்பது என் எண்ணம். எல்லாவற்றையும் ஒரே கப்பலில் ஏற்றினால், அடித்தளத்துக்குக் காத்திருக்கும் மரச்சாமான் ஒரு குளிர்காலம் முழுவதும் திறந்தவெளியில் கிடக்கும்.

கப்பல் வராமலும் போகலாம். 2018இல் கடற்பனி காரணமாகப் பாலடுக், குக்ளுக்டுக், கேம்பிரிட்ஜ் பே ஆகிய ஊர்களுக்கான தோணிப் பயணங்கள் கைவிடப்பட்டன. 2024இல் மெக்கன்சி ஆற்றில் தண்ணீர் குறைந்து, கரையோர ஊர்களுக்குத் தோணி செல்ல முடியவில்லை. உறைந்த ஏரிகள் மேல் குளிர்காலத்தில் லாரி செல்லும் பனிச்சாலைகளும் சூடான ஆண்டுகளில் சீக்கிரமே மூடப்படுகின்றன. மிஞ்சுவது விமானம்தான். சிமெண்டும் மரமும் விமானத்தில் வந்தால் வரவுசெலவு தாங்காது. ஆகவே திருகாணி, மின்பெட்டி போன்ற சிறு உருப்படிகளை மட்டும் விமானத்துக்கு ஒதுக்கி, கனமானவற்றில் பத்துக்கு ஒன்று கூடுதலாகக் கப்பலில் ஏற்றிவிடுங்கள்.

நம் செட்டிநாட்டு வளவு வீடுகளுக்குப் பர்மாத் தேக்கும் இத்தாலியப் பளிங்கும் கப்பலேறி வந்தன. செங்கல்லும் சுண்ணாம்பும் ஆத்தங்குடிக் கல்லும் இந்த மண்ணிலேயே உருவாயின. 1942இல் ஜப்பானியப் படை பர்மாவைப் பிடித்தபோது அந்தப் போக்குவரத்து அறுந்தது. எடை மிகுந்ததை உள்ளூரில் தேடுவது அங்கும் பொருந்தும் என்றாலும், அங்கே உள்ளூரில் கிடைப்பது பெரும்பாலும் சரளையும் உடைகல்லும்தான். எவ்வளவு கிடைக்கும், உடைக்கும் இயந்திரம் ஊரில் இருக்கிறதா என்று ஊராட்சியிடம் முன்னதாகவே எழுதிக் கேளுங்கள். சாமான் இறக்கும் வண்டி எவ்வளவு எடை தூக்கும் என்பதையும் கேட்டு, பெட்டிகளை அந்த அளவுக்குள் கட்டச் சொல்லுங்கள். முதலில் தேவைப்படுவது மேலே இருக்கட்டும். தண்ணீர் கலந்த பெயிண்ட்டும் பசையும் உறைந்தால் கெட்டுவிடும் என்பதால், அவற்றின் பெட்டியில் பெரிதாக எழுதி, கணப்புள்ள கொட்டகையில் வைக்க ஏற்பாடு செய்யுங்கள்.

வீடு முடிந்த பிறகு, நிலம் மிக ஆழமாக இளகியிருக்கும் செப்டம்பரிலும், குளிர்காலம் முடியும்போதும், ஆண்டுக்கு இரு முறை மட்டம் பார்க்க வேண்டும். கதவு இறுகுவதும் சுவர் மூலையில் விரிசல் விடுவதும் முதல் அடையாளங்கள். பழைய கட்டடங்களைக் காப்பாற்றுவதற்கென்றே கனடாவின் தரநிலை அமைப்பான சி.எஸ்.ஏ.வின் எஸ்501 என்ற தரநிலை 2014இல் வெளிவந்தது. அதை வாங்கிப் படியுங்கள். ஜாக்கிக்குரிய திருகுச் சாவியையும் ஆப்புத் தகடுகளையும் கப்பல் பட்டியலிலேயே சேர்த்து, ஒரு பெட்டியில் பூட்டி, வீட்டின் அடியிலேயே வைத்துவிடுங்கள். திருகும் முறையை நூனவுட் மக்கள் பேசும் இனுக்டிடுட் மொழியில் எழுதி அந்தப் பெட்டியின் மூடிக்கு உட்புறம் ஒட்டுங்கள். அடுத்த முறை மட்டம் பார்க்கப்போகிறவர் அந்த ஊர்க்காரர்தான்.