வேகமான மேக்னம் ரைபிளுக்கு வேட்டைக் குண்டு தேர்ந்தெடுப்பது எப்படி?

மேக்னம் ரைபிள், அதாவது அதிக மருந்து நிரம்பிய தோட்டாவால் குண்டை அதிவேகமாகச் செலுத்தும் ரைபிள், வாங்கியவர்கள் முதலில் கேட்பது, "எத்தனை கிரெயின் (குண்டின் எடையைச் சொல்லும் சிறு அலகு) குண்டு போடலாம்?" என்றுதான். எடை நான்காவதாக வரவேண்டிய கேள்வி. என் .300 வின்செஸ்டர் மேக்னத்துக்குக் குண்டு தேடி அலசியபோது எல்லாம் கடைசியில் ஒரே எண்ணில் வந்து நின்றது: விலங்கின் மேல் படும் நொடியில் குண்டு என்ன வேகத்தில் இருக்கிறது? அது தெரிந்துவிட்டால் மீதிக் கேள்விகள் தாமாக வரிசைக்கு வந்துவிடும்.

உரிமம், பருவ அனுமதி எல்லாம் கையில் இருக்கிறது, ஸ்கோப் பொருத்தியாகிவிட்டது, ரைபிளைப் பத்திரமாகக் கையாளத் தெரியும் என்று வைத்துக்கொண்டு தொடங்குகிறேன். கடையில் தயார் தோட்டா (உறைக்குள் மருந்தும் முனையில் குண்டும் பொருத்தியது) வாங்குபவர்களுக்கான விளக்கம் இது.

படி 1: இரண்டு தூரங்களை எழுதுங்கள்

எந்த விலங்கு என்பதை முதலில் குறித்துக்கொள்ளுங்கள். மெலிந்த உடம்புள்ள மானுக்கும், கனத்த எலும்பும் தடித்த சதையும் உள்ள எல்க், மூஸ் போன்ற பெரிய மான் இனங்களுக்கும் ஒரே குண்டு பொருந்தாது. அதன் பக்கத்தில் இரண்டு தூரங்களை எழுதுங்கள்: நீங்கள் சுடத் துணியும் அதிகபட்ச தூரம் ஒன்று, புதருக்குள்ளிருந்து திடீரென்று விலங்கு எதிர்ப்பட்டால் அமையக்கூடிய மிகக் குறைந்த தூரம் மற்றொன்று. மேக்னம் வைத்திருப்பவர்கள் முதல் தூரத்தை மட்டுமே நினைக்கிறார்கள். குண்டு சிதறிப் பாழாவதோ பெரும்பாலும் இரண்டாவது தூரத்தில்தான்.

படி 2: படும் வேகத்தைக் கண்டுபிடியுங்கள்

இந்தப் படியில் அவசரப்படாதீர்கள். மற்ற எல்லாப் படிகளையும் சேர்த்தாலும் இதற்கு ஈடாகாது.

தோட்டாப் பெட்டியில் அச்சிட்டிருப்பது குழல் வாயை விட்டு வெளியேறும் வேகம். .300 வின்செஸ்டர் மேக்னத்தில் 180 கிரெயின் குண்டுக்கு அது வினாடிக்குச் சுமார் 2,960 அடி. அதே 180 கிரெயின் குண்டு, மேக்னம் அல்லாத .308 வின்செஸ்டரில் 2,600 அடியை ஒட்டி வெளியேறும். வித்தியாசம் 14 விழுக்காடுதான் என்று தோன்றும். ஆனால் ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தோடு கூடுகிறது. .308-இல் சுமார் 2,700 அடி-பவுண்டாக இருப்பது மேக்னத்தில் 3,500 ஆகிவிடுகிறது, ஏறத்தாழ 30 விழுக்காடு அதிகம். தோலிலும் எலும்பிலும் மோதும்போது அந்தக் கூடுதல் சுமை முழுவதையும் தாங்க வேண்டியது குண்டின் மெல்லிய செம்பு உறை.

.30 காலிபர் குண்டுகளுக்கு விட்டம் ஒன்றுதான், .308 அங்குலம். அதனால் .308-இன் வேகத்துக்கு அளவாகச் செய்த குண்டே மேக்னம் தோட்டாவிலும் ஏற்றப்பட்டுக் கடைக்கு வருவதுண்டு. பெட்டியின் மேல் 'மேக்னம்' என்று இருப்பது தோட்டாவின் பெயர். உள்ளே இருக்கும் குண்டு அந்த வேகத்தைத் தாங்கும் என்பதற்கு அது உத்தரவாதம் ஆகாது.

இனி கணக்கு. தோட்டா நிறுவனங்களின் இணையதளங்களில் இலவசக் கணிப்பான்கள் உண்டு. குண்டின் பி.சி. எண்ணையும் (காற்றைக் கிழித்து வேகத்தைத் தக்கவைக்கும் திறனின் அளவு) தொடக்க வேகத்தையும் கொடுத்தால் ஒவ்வொரு தூரத்திலும் உள்ள வேகம் வந்துவிடும். பி.சி. 0.5 அளவில் இருக்கும் 180 கிரெயின் குண்டு 2,960 அடியில் கிளம்பினால், 100 கஜத்தில் சுமார் 2,770, 300 கஜத்தில் 2,400, 500 கஜத்தில் 2,075 அடி என்ற அளவில் இருக்கும்.

பெட்டி எண்ணை அப்படியே கணிப்பானில் போடாதீர்கள். அது பெரும்பாலும் 24 அல்லது 26 அங்குலச் சோதனைக் குழலில் அளந்தது. உங்கள் குழல் 22 அங்குலமாக இருந்தால், குறையும் ஒவ்வோர் அங்குலத்துக்கும் தோராயமாக 20 முதல் 40 அடி கழியும். குரோனோகிராஃப் ஒன்றை இரவல் வாங்கியாவது உங்கள் ரைபிளின் உண்மையான வேகத்தை அளந்துவிடுங்கள். விலை உயர்ந்த ஸ்கோப்புக்குச் செலவழிப்பதற்கு முன் இந்தக் கருவிக்குச் செலவழிக்கலாம் என்பது என் உறுதியான கருத்து.

இப்போது தாளில் இரண்டு வேகங்கள் இருக்கும். பக்கத்து வேகம் குண்டு எவ்வளவு கெட்டியாக இருக்கவேண்டும் என்று சொல்லும். தூரத்து வேகம் அது விரியப் போதுமா என்று சொல்லும்.

படி 3: கட்டுமானத்தைப் பாருங்கள்

மிகப் பழைய வகை, ஈயக் கருவின் மேல் செம்பு உறை மட்டும் போர்த்திய சாதாரணக் குண்டு. விலை குறைவு, குறி நன்றாக விழும், நடுத்தர வேகத்தில் மானுக்குப் போதும். ஆனால் மேக்னம் வேகத்தில், 50 கஜத்தில், முன்சப்பை எலும்பில் பட்டால் மேலோடு சிதறி நுரையீரலை எட்டாமலேயே நின்றுவிடக்கூடும். விலங்கு காயத்தோடு ஓடி, கண்ணுக்கெட்டாத இடத்தில் வதைபட்டுச் சாகும். அதற்கு இடம் கொடுக்கவே கூடாது.

இந்தச் சிக்கல் புதிதல்ல. 1946-இல், பின்னாளில் நோஸ்லர் குண்டு நிறுவனத்தைத் தொடங்கிய ஜான் நோஸ்லர், கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் .300 எச் அண்ட் எச் மேக்னத்தோடு மூஸ் வேட்டைக்குப் போனார். உடம்பில் சேறு காய்ந்து அப்பியிருந்த ஒரு மூஸின் மேல் அவர் குண்டுகள் உள்ளே இறங்காமல் உடைந்தன. அதன் விளைவுதான் பார்டிஷன் குண்டு. முன்பாதி ஈயத்துக்கும் பின்பாதி ஈயத்துக்கும் நடுவே செம்பில் ஒரு தடுப்புச் சுவர் இருக்கும். முன்பாதி விரிந்து உதிரும், பின்பாதி குலையாமல் உள்ளே போகும். மூன்றில் இரண்டு பங்கு எடை மிஞ்சுவது இதில் வழக்கம்.

அடுத்தது, ஈயத்தை உறையோடு ஒட்டவைத்த பிணைப்புக் குண்டு. நோஸ்லர் அக்யூபாண்ட் இந்த வகை. ஸ்விஃப்ட் ஏ-ஃபிரேமில் தடுப்புச் சுவரும் பிணைப்பும் சேர்ந்தே உண்டு. கடைசியாக முழுச் செம்புக் குண்டு. பார்ன்ஸ் நிறுவனம் 1980களின் இறுதியில் கொண்டுவந்த எக்ஸ் குண்டின் வழியில் வந்தவை இவை. முனை நான்கு இதழாக விரியும், எடை அநேகமாகக் குறையவே குறையாது.

என் தேர்வு: பக்கத்து வேகம் 2,700 அடிக்கு மேல் என்றால் சாதாரணக் குண்டை ஒதுக்கிவிடுங்கள். மானுக்கும் பெரிய விலங்குக்கும் ஒரே குண்டு வேண்டுமென்றால் பிணைப்புக் குண்டு. கனத்த விலங்கு, கிட்டத்து வேட்டை என்றால் பார்டிஷன் அல்லது செம்பு. முழு எடையும் மிஞ்சுவதுதான் உயர்ந்த குண்டு என்ற பேச்சை நான் ஏற்பதில்லை. முன்பகுதியின் கொஞ்சம் ஈயம் உதிர்ந்து காயத்தை அகலமாக்குவது நல்லதுதான், பின்பகுதி ஆழமாகப் போகும் வரையில்.

தூரத்து வேகத்தையும் மறக்காதீர்கள். பார்டிஷன், அக்யூபாண்ட் இரண்டுக்கும் நோஸ்லர் நிறுவனம் சொல்லும் குறைந்தபட்ச வேகம் 1,800 அடி. செம்புக் குண்டுகளில் பலவற்றுக்கு 1,800 முதல் 2,000 வரை தேவை. அதற்குக் கீழே போனால் விரியாமல் ஊசித் துளையாகக் கடந்துவிடும். உங்கள் அதிகபட்ச தூரத்தை முடிவுசெய்வது கைத்திறன் மட்டும் அல்ல, இந்த எண்ணும்தான்.

படி 4: இப்போதுதான் எடை

எடை கூடினால் ஆழம் கூடும் என்பது ஒரே வகைக் குண்டுகளை ஒப்பிடும்போது சரி. வகை மாறினால் அந்தக் கணக்கு மாறும். பாதி எடையைச் சிதறவிடும் 180 கிரெயினைவிட, முழுதாகப் போகும் 165 கிரெயின் செம்புக் குண்டு ஆழமாக இறங்கும். செம்பு எடுக்கும்போது வழக்கமான எடையிலிருந்து ஒரு படி இறங்குங்கள். வேகம் கூடும், விரிவதும் நிச்சயமாகும்.

படி 5: குழலின் முறுக்கு

செம்பு ஈயத்தைவிட இலேசானது. அதனால் ஒரே எடையில் செம்புக் குண்டு நீளமாக இருக்கும். நீளமான குண்டு நிலையாகப் பறக்க வேகமான முறுக்கு, அதாவது குண்டைச் சுழலவைக்கும் குழலின் உள்வரிகள் நெருக்கமாகச் சுற்றுவது, வேண்டும். .300 வின்செஸ்டர் மேக்னத்தில் வழக்கமான முறுக்கு 10 அங்குலத்துக்கு ஒரு சுற்று. தேவையான முறுக்கு பெட்டியில் குறிப்பிடப்பட்டிருந்தால் ஒப்பிட்டுப் பாருங்கள். அவ்வளவுதான்.

படி 6: சுட்டுப் பாருங்கள்

இரண்டு மூன்று வகைகளில் ஒவ்வொரு பெட்டி வாங்குங்கள். குழலில் படிந்த பழைய செம்பை முழுக்க நீக்கிவிட்டு ஒவ்வொரு வகையையும் தனியாகச் சோதியுங்கள். வகை மாற்றும்போதெல்லாம் மறுபடி துடையுங்கள். குழல் சூடேறினால் ஆறவிடுங்கள். மெல்லிய வேட்டைக் குழல் சூட்டில் குறியை நகர்த்தும். குண்டுத் துளைகள் கட்டை விரல் நகம் அளவுக்குள் கூட்டமாக விழவேண்டும் என்று தவிக்க வேண்டாம். 100 கஜத்தில் ஒன்றரை அங்குலத்துக்குள் விழும் கெட்டியான குண்டு, அரை அங்குலத்தில் விழுந்து எலும்பில் சிதறும் குண்டைவிட வேட்டைக்கு மேல்.

பின்னர் சேர்த்தவை

படித்தவர்களில் பலர் நீண்ட தூரத்துக்கென்றே செய்த, பி.சி. எண் மிக உயர்ந்த குண்டுகளைப் பற்றிக் கேட்டார்கள். அவற்றில் பல, குறைந்த வேகத்திலும் விரிய வேண்டும் என்பதற்காக மென்மையாகச் செய்யப்பட்டவை. அக்யூபாண்ட் லாங் ரேஞ்ச் 1,300 அடி வேகத்திலேயே விரியும். அதே மென்மை 50 கஜத்தில் மேக்னம் வேகத்தில் எதிராகத் திரும்பும். உங்கள் தாளில் பக்கத்து தூரம் உண்மையிலேயே 200 கஜத்துக்கு மேல் இருந்தால் மட்டும் எடுங்கள்.

ஈயத் தடை பற்றியும் கேள்வி வந்தது. கலிஃபோர்னியாவில் 2019 ஜூலை 1 முதல் வேட்டைக்கு ஈயக் குண்டு கூடாது. அப்படிப்பட்ட இடங்களில் படி 3 முழுக்கச் செம்பு என்றே முடிந்துவிடும்.

கையால் தோட்டா நிரப்புவோருக்கு: ஒரே எடை என்பதற்காக ஈயக் குண்டின் மருந்தளவைச் செம்புக் குண்டுக்கு வைக்காதீர்கள். செம்புக் குண்டு நீளமானது, தோட்டாவுக்குள் அதிக இடம் பிடிக்கும், குழலில் வேறு விதமாக உரசும். அழுத்தம் ஆபத்தான அளவுக்கு ஏறலாம். அந்தக் குண்டுக்கென்றே நிறுவனம் வெளியிட்ட அளவையே பின்பற்றுங்கள்.

விலை குறைந்த குண்டில் பயிற்சி செய்துவிட்டு வேட்டைக்கு வேறு குண்டு எடுக்கலாமா என்பது கடைசிக் கேள்வி. எடுக்கலாம். ஆனால் இரண்டும் ஒரே இடத்தில் விழாது. கிளம்பும் முன் வேட்டைக் குண்டிலேயே ஸ்கோப்பைச் சரிசெய்து, குழல் ஆறிய பிறகு முதல் குண்டு எங்கே விழுகிறது என்று பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள்.