தைராய்டு ஊசிப் பரிசோதனை: ரிப்போர்ட்டின் சதவீதத்தைப் படிப்பதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தேனி, திண்டுக்கல், ராமநாதபுரம் பக்கமிருந்து கழுத்துக் கட்டிக்காக மதுரை ஆஸ்பத்திரிகளுக்கு வருகிறவர்கள் ஸ்கேன் கவரோடு ஊசிப் பரிசோதனை ரிப்போர்ட்டையும் கொண்டுவருவார்கள். அதில் 'பெதஸ்டா 3' என்றோ '4' என்றோ இருக்கும். பெதஸ்டா என்பது ஊசியில் வந்த தைராய்டு செல்களை 1 முதல் 6 வரை வகைப்படுத்தும் முறை: 1 என்றால் செல்கள் போதவில்லை, 2 புற்றுநோய் அல்லாதது, 6 புற்றுநோய், இடையில் உள்ளவை சந்தேகத்தின் படிகள்; சிலவற்றில் புற்றுநோய்க்கான வாய்ப்பு இத்தனை சதவீதம் என்றும் இருக்கும். வீட்டில் யாராவது போனில் தேடினால் வேறொரு சதவீதம் வரும். இரண்டுமே சரியாக இருக்கலாம். எதைப் புற்றுநோய் என்று கணக்கில் சேர்ப்பது என்பதே 2016-ல் மாறிவிட்டதுதான் காரணம்.

தைராய்டில் அதிகம் வருவது பாப்பிலரி புற்றுநோய்; அதில் ஃபாலிக்குலர் வகை என்று ஒன்று உண்டு. அதில் உறைக்குள்ளேயே அடங்கி, உறையையும் ரத்தக் குழாயையும் துளைக்காத கட்டிகளை ஒரு சர்வதேச நிபுணர் குழு தனியாக ஆராய்ந்தது. அத்தகைய 109 பேரின் 10 முதல் 26 ஆண்டுப் பதிவுகளில் ஒருவருக்கும் நோய் திரும்பவில்லை. அதனால் பெயரிலிருந்து 'புற்றுநோய்' என்ற சொல்லையே எடுத்துவிட்டு, 'நிஃப்ட்பி' (NIFTP) என்று புதுப்பெயர் வைத்தார்கள். 2017-ல் உலக சுகாதார நிறுவனமும் அதை ஏற்றது.

முதல் தவறு, எந்தப் பதிப்பின் சதவீதம் என்று பார்க்காமல் ஒப்பிடுவது. 2017 பெதஸ்டா பதிப்பு இரண்டு கணக்குகளையும் பக்கத்தில் பக்கத்தில் தந்தது. நிஃப்ட்பியைப் புற்றுநோயாகச் சேர்த்தால் 3-ஆம் வகைக்கு 10–30%, சேர்க்காவிட்டால் 6–18%. 4-ஆம் வகைக்கு 25–40%, 10–40%. 5-ஆம் வகைக்கு 50–75%, 45–60%. 2023 பதிப்பு சராசரியைத் தருகிறது: 3-க்கு 22%, 4-க்கு 30%, 5-க்கு 74%. நிஃப்ட்பியை விலக்கினால் இவை 16, 23, 65 ஆகின்றன. பழைய அட்டவணையின் 6–18-ஐயும் புதியதன் 22-ஐயும் அருகருகே வைத்து, "ஆபத்து கூடிவிட்டதே" என்று பதறுகிறவர்கள் இருக்கிறார்கள். ஒன்று விலக்கிய கணக்கு, மற்றது சேர்த்த கணக்கு. கட்டி அதே கட்டிதான். மருத்துவரிடம், "இந்த சதவீதத்தில் நிஃப்ட்பி சேர்ந்திருக்கிறதா?" என்று கேளுங்கள். 2-ஆம் வகைக்கும் 6-ஆம் வகைக்கும் இந்த மாற்றத்தால் பெரிய வேறுபாடு இல்லை.

இதைவிட ஆபத்தான தவறு ஒன்று உண்டு: "இப்போது அது கேன்சரே இல்லையாம், ஆபரேஷன் வேண்டாம்" என்று வீடு திரும்புவது. நிஃப்ட்பியா இல்லையா என்று ஊசியால் சொல்லவே முடியாது. நுங்குக்குள் ஊசியை விட்டு உள்ளிருப்பதை எடுத்துப் பார்ப்பவருக்கு மேல்தோல் எங்கே கீறியிருக்கிறது என்று தெரியாது. இங்கேயும் ஸ்லைடில் தெரிவது செல்கள் மட்டும்தான். உறை துளைக்கப்பட்டிருக்கிறதா என்பது கட்டியை முழுதாக எடுத்து, உறையைச் சுற்றிலும் துண்டு போட்டு மைக்ராஸ்கோப்பில் பார்த்த பிறகுதான் தெரியும். நிஃப்ட்பியும் வெட்டி எடுக்க வேண்டிய கட்டியே.

அப்படியானால் இந்த மாற்றத்தால் நோயாளிக்கு என்ன லாபம்? அறுவையின் அளவு குறையலாம். 5-ஆம் வகை என்றதும் சுரப்பி முழுவதையும் எடுத்துவிட வேண்டும் என்பதில்லை. ஸ்கேனில் கட்டி ஒரு பக்கமே இருந்து, நெறிகட்டிகளில் சந்தேகம் இல்லையென்றால், கட்டியிருக்கும் பாதியை மட்டும் எடுப்பது பற்றிப் பேசலாம். முழுதும் எடுத்தால் ஆயுள் முழுக்க தைராக்ஸின் மாத்திரை; கால்சியம் குறையும் அபாயமும் உண்டு. பாதி எடுத்தவர்களில் பலருக்கு மாத்திரையே தேவைப்படாது. முடிவு நிஃப்ட்பி என்று வந்தால் ரேடியோ அயோடின் சிகிச்சையும் வேண்டாம்.

அடுத்தது, புத்தகச் சதவீதத்தை அப்படியே நம் ஊருக்குப் பொருத்துவது. நிஃப்ட்பி ஆசிய நாடுகளில் மேற்கத்திய நாடுகளைவிடக் குறைவாகவே பதிவாகியிருக்கிறது. ஆகவே பெயர் மாற்றத்தால் இங்கே சதவீதம் அவ்வளவு இறங்காது. இன்னொன்றும் உண்டு: இந்தக் கணக்குகளில் பெரும்பாலானவை ஆபரேஷன் ஆனவர்களை மட்டுமே எண்ணியவை. 3-ஆம் வகையில் சந்தேகம் குறைந்தவர்கள் கண்காணிப்பிலேயே இருந்துவிடுவதால், ஆபரேஷனுக்குப் போனவர்களின் சதவீதம் கூடித்தான் தெரியும். உங்களுக்குப் பார்க்கிற ஆஸ்பத்திரியின் சொந்தக் கணக்கு இருந்தால் அதற்கே மதிப்பு அதிகம்.

ரிப்போர்ட்டில் வகை எண்ணே இல்லாமல் 'ஃபாலிக்குலர் கட்டி' என்று மட்டும் இருந்தால், எண்ணைப் போட்டுத் தரச் சொல்லுங்கள். செல்கள் போதுமான அளவு வந்ததா என்றும் பாருங்கள்: ஒவ்வொன்றிலும் குறைந்தது 10 செல்கள் கொண்ட 6 கூட்டங்களாவது வேண்டும். இல்லையென்றால் அது பெரும்பாலும் 1-ஆம் வகை. 'கேன்சர் இல்லை' என்று அர்த்தமில்லை, ஸ்கேன் பார்த்தபடி ஊசியை மறுபடி போட வேண்டும்.

ஆபரேஷனுக்குப் பிறகு வரும் ரிப்போர்ட்டில் 'நிஃப்ட்பி' என்று இருந்தால், உறை முழுவதும் பார்க்கப்பட்டதா என்ற வரியைத் தேடுங்கள். உறையின் ஒரு பகுதியை மட்டும் பார்த்துவிட்டு அந்தப் பெயரைக் கொடுக்கக் கூடாது. உண்மையான பாப்பிலரி அமைப்பு, சாமோமா மணிகள் (சுண்ணாம்பு படிந்த நுண்ணிய உருண்டைகள்), கட்டிக்குள் செல் அழுகல் இவற்றில் ஒன்று இருந்தாலும் அது நிஃப்ட்பி இல்லை.

2016-க்கு முன் 'ஃபாலிக்குலர் வகை புற்றுநோய்' என்று சொல்லப்பட்டு இன்றும் பயத்தோடு இருப்பவர்கள் மாத்திரையையோ செக்கப்பையோ தாங்களாக நிறுத்தக் கூடாது. ஆபரேஷன் நடந்த இடத்தின் பேத்தாலஜி பிரிவில் பழைய ஸ்லைடுகளையும், எடுத்த திசுவை மெழுகில் பதித்து வைத்திருக்கும் பிளாக்குகளையும் எழுதிக் கேட்டு வாங்கி, தைராய்டு பார்த்துப் பழகிய பேத்தாலஜிஸ்ட் ஒருவரிடம் கொடுங்கள். பழைய ரிப்போர்ட்டின் நகலையும் சேர்த்துக் கொடுத்தால், உறையிலிருந்து எத்தனை துண்டுகள் எடுத்தார்கள் என்று அவர் முதலில் அதைத்தான் பார்ப்பார்.