‘ஏதோ பண்ணியிருக்கா’ என்று யாரும் சொல்லாமல் இருக்க: முக சிகிச்சைகளில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போடாக்ஸ், ஃபில்லர், லேசர், தோலின் மேல் அடுக்கை உரிக்கும் பீலிங் என எதற்குப் போனாலும் பெண்கள் டாக்டரிடம் சொல்வது ஏறக்குறைய ஒன்றுதான்: “செஞ்சதே தெரியக் கூடாது டாக்டர், ஆனா நல்லா இருக்கணும்.” நியாயமான ஆசை. அது நடக்காமல் போனால் மருந்தையும் மெஷினையும் திட்டுகிறோம். ஆனால் பல சமயம் கோளாறு ஊசி ஏறுவதற்கு முன்பே தொடங்கிவிடுகிறது. யாரோ சொன்ன குறைக்காகக் கிளம்பிப் போகிறோம், அதுவும் அவசரமாகப் போகிறோம்.

ஊரிலிருந்து வரும் அத்தை வாசலில் செருப்பைக் கழற்றும்போதே “என்னடி இப்படிக் கறுத்துட்ட, வெயில்லயே சுத்துறியா?” என்பார். அன்பில் சொல்வதுதான். ஆனால் அடுத்த வாரமே தி.நகரிலோ அண்ணா நகரிலோ ஒரு கிளினிக்கில் உட்கார்ந்து, “முகம் டல்லா இருக்கு, என்ன பண்ணலாம்?” என்று கேட்டால், அந்தக் கேள்விக்கு அங்கே பத்து பதில் தயாராக இருக்கும், ஒவ்வொன்றுக்கும் ஒரு பேக்கேஜோடு. “எனக்கு என்ன பண்ணலாம்?” என்று கேட்பதே முதல் தவறு. எது உறுத்துகிறது, எத்தனை நாளாக உறுத்துகிறது, யாரும் எதுவும் சொல்லாவிட்டாலும் அது உறுத்துமா என்பதை வீட்டிலேயே யோசித்துவிட்டுப் போக வேண்டும். நல்ல டாக்டர் கையில் ஒரு கண்ணாடியைக் கொடுத்து, “எதுன்னு விரலால தொட்டுக் காட்டுங்க” என்பார். விரல் எங்கேயும் போய் நிற்கவில்லை என்றால் அன்றைக்கு எதையும் தொடங்காமல் வீட்டுக்கு அனுப்புகிறவரை நம்பலாம்.

செல்ஃபியை வைத்து முடிவு செய்வது இன்னொரு தவறு. முகத்துக்கு ஒரு அடி தூரத்தில் பிடிக்கும் முன்பக்க கேமரா, மூக்கை ஏறத்தாழ 30 சதவீதம் அகலமாகக் காட்டுகிறது என்று 2018ல் வந்த ஒரு ஆய்வு கணக்குப் போட்டது. அந்த மூக்கு நம்முடையதே அல்ல, கேமராவின் தூரம் செய்கிற வேலை. ஃபில்டர் போட்ட படத்தை டாக்டரிடம் நீட்டி “இப்படி வேணும்” என்பதும் அதே கதைதான். துளையே இல்லாத தோல் எந்த மனிதருக்கும் கிடையாது. பகல் வெளிச்சத்தில், ஜன்னல் பக்கம் திரும்பி நின்று, வேறொருவரை நாலைந்து அடி தள்ளி எடுக்கச் சொன்ன படத்தைக் கொண்டுபோங்கள்.

நிறத்தை மாற்ற நினைப்பது

சென்னையில் அதிகப் பணமும் அதிகத் தோலும் போவது இதில்தான் என்பது என் எண்ணம். 1975ல் வந்த ஒரு க்ரீம் தன் பெயரில் இருந்த ‘ஃபேர்’ என்ற சொல்லை 2020ல் எடுத்துவிட்டது. நிறத்தை வைத்து எடைபோடுவதை எதிர்க்கும் ‘டார்க் இஸ் பியூட்டிஃபுல்’ இயக்கத்தை 2009ல் தொடங்கியதும் சென்னையிலிருந்து இயங்கும் ‘விமன் ஆஃப் வொர்த்’ அமைப்புதான். இத்தனைக்குப் பிறகும் “கொஞ்சம் கலர் கூடணும்” என்ற கோரிக்கை குறையவில்லை. அது ‘க்ளோ’, ‘பிரைட்’ என்று பெயரை மாற்றிக்கொண்டது, அவ்வளவுதான்.

மேல்கையின் உள்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். வெயில் படாத அந்த இடத்தின் நிறம்தான் உங்கள் நிறம். வெயிலில் ஏறிய கருமையையும் பருத் தழும்பையும் திட்டுகளையும் சிகிச்சை அந்த நிறம் வரை கொண்டுவரலாம். அதற்கு மேல் வெளுக்க வைக்கிறேன் என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடலாம். குளுட்டாதயோன் ட்ரிப் என்று ஏற்றுகிறார்களே, தோலை வெளுக்க வைக்கும் ஊசி எதற்கும் அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. அனுமதி தந்ததில்லை.

மெடிக்கல் ஷாப் க்ரீம் இன்னும் மோசம். மங்கு என்கிற கருந்திட்டுக்காக ஒரு டாக்டர் சில வாரங்களுக்கு மட்டும் எழுதிக் கொடுத்த க்ரீமில் ஹைட்ரோகுயினோன், ட்ரெட்டினாயின், ஒரு ஸ்டீராய்டு மூன்றும் இருக்கும். பூசிய பத்து நாளில் முகம் பளிச்சென்று ஆகும். அந்த ட்யூபை அக்காவிடம் தங்கை வாங்கிக்கொள்வாள், பக்கத்து வீட்டுக்குப் போகும், மாதக்கணக்கில் ஓடும். நிறுத்திய நாலாம் நாள் முகம் சிவந்து எரியும், பரு கொட்டும், தாடையில் முடி முளைக்கும், தோல் மெலிந்து ரத்தக் குழாய் தெரியும். எரிகிறதே என்று திரும்பப் பூசினால் அடங்கும். அதனால் விடவே முடியாது. டாக்டர்கள் ‘ஸ்டீராய்டு முகம்’ என்று சொல்வது இதைத்தான். 2018ல் பல ஸ்டீராய்டு க்ரீம்களைச் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று மத்திய அரசு விதி கொண்டுவந்தது. விதி அட்டையில் இருக்கிறது, க்ரீம் கவுன்ட்டரில் இருக்கிறது. லேபிளில் தயாரித்தவர் பெயரே இல்லாத வெளிநாட்டு க்ரீம்களைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். 2023ல் கேரளத்தின் மலப்புறம் மாவட்டத்தில் அப்படிப்பட்ட வெள்ளையாக்கும் க்ரீம்களைப் பூசியவர்களுக்குச் சிறுநீரகம் பாதிக்கப்பட்டது. காரணம் பாதரசம்.

கழுத்துக் கருமையைப் பீர்க்கங்காய் நாரால் தேய்க்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. பின்கழுத்தில் வெல்வெட் மாதிரித் தடிப்பாக இருந்தால் அது அழுக்கல்ல. இன்சுலின் சரியாக வேலை செய்யாததற்கான அடையாளமாக இருக்கலாம். லேசருக்கு முன் சர்க்கரையும் எடையும் பார்க்க வேண்டிய விஷயம் அது. பொட்டு வைக்கும் இடத்தில் மட்டும் வெள்ளையாகத் திட்டு வந்தால் முதலில் ஸ்டிக்கர் பொட்டை நிறுத்துங்கள். அதன் பசையில் இருக்கும் ஒரு ரசாயனம் சிலருக்கு அந்த இடத்தின் நிறத்தையே எடுத்துவிடும்.

முகூர்த்தத்துக்கு மூன்று வாரம் இருக்கும்போது

மண்டபம் ஆறு மாதம் முன்னாலேயே புக் ஆகிவிடும். தோல் டாக்டரிடம் மட்டும் கடைசி மூன்று வாரத்தில் போவார்கள். நம்முடைய மாநிறமும் கறுப்பும் வெயிலைத் தாங்குவதில் கெட்டி. ஆனால் காயம் பட்டால் கறுப்பாகத்தான் ஆறும். கொசுக்கடித் தழும்பே மாதக்கணக்கில் நிற்கிறது. கொஞ்சம் ஆழமாகப் போன பீலிங்கும், சூடு கூடிய லேசரும் அதையேதான் செய்யும். அது சரியாகப் பல மாதம் ஆகலாம். அதனால் முகத்தில் முதல்முறையாகச் செய்யும் எதையும் கல்யாணத்துக்கு நாலைந்து மாதம் முன்பே தொடங்கி, கடைசி ஒரு மாதத்தில் தோலைச் சும்மா விட்டுவிடுவது நல்லது. பார்லரில் செய்யும் புது ஃபேஷியலுக்கும், புது பிளீச்சுக்கும் இதே கணக்குதான்.

பீலிங் முடிந்த வாரத்தில் மாமல்லபுரம் கடற்கரையில் மதிய வெயிலில் போட்டோஷூட் வைக்கிறார்கள். நலங்கில் உறவினர் எல்லாரும் வரிசையாக வந்து மஞ்சளும் சந்தனமும் தேய்க்கிறார்கள். உரிந்துகொண்டிருக்கும் தோலுக்கு இரண்டும் ஆகாது. பத்திரிகையைக் கையில் வைத்துக்கொண்டு சடங்குத் தேதிகளையெல்லாம் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், யாரும் சொல்லாத விஷயம் என்பதால். பருவுக்காக ஐசோட்ரெட்டினாயின் மாத்திரை எடுக்கும் பெண், மாத்திரை ஓடும்போதும் நிறுத்திய பின் ஒரு மாதம் வரையிலும் கர்ப்பமாகவே கூடாது. குழந்தைக்கு ஊனம் வரும் ஆபத்து அதில் நிஜம். கல்யாணத்துக்காக முகத்தைச் சரி செய்ய இந்த மாத்திரையைத் தொடங்கி, கல்யாணத்துக்குப் பிறகும் தொடர்ந்தால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். கூச்சப்படாமல் டாக்டரிடம் தேதியைச் சொல்ல வேண்டும், அவரும் கேட்க வேண்டும்.

மங்குக்கு லேசர் வேண்டும் என்று நேரே போவதும் அவசரத்தின் இன்னொரு முகம். கர்ப்பம், கருத்தடை மாத்திரை, வெயில், சூடு எல்லாம் மங்கைக் கிளப்பும். கிளப்பிவிடும் காரணம் அப்படியே இருக்க, மேலே லேசர் அடித்தால் முதலில் தெளிந்து அப்புறம் முன்னைவிடக் கருமையாகத் திரும்பலாம். பல்லாவரத்திலிருந்து கிண்டிக்கு ஸ்கூட்டியில் போகிறவருக்கு முதல் மருந்து சன்ஸ்க்ரீன்தான். அதுவும் எஸ்.பி.எஃப். 30க்குக் குறையாமல், இரண்டு விரல் நீளத்துக்கு எடுத்து, வெளியில் இருந்தால் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை. மங்கு இருப்பவர்களுக்குக் கண்ணுக்குத் தெரியும் வெளிச்சமே எதிரி என்பதால் அயர்ன் ஆக்சைடு கலந்த, நிறமுள்ள சன்ஸ்க்ரீன் கூடுதல் காவல்.

முகத்து முடிக்கு லேசர்

லேசர் முடியின் வேரில் இருக்கும் கறுப்பைத் தேடிப் போய்ச் சுடுகிறது. வேரே இல்லாவிட்டால் சுடுவதற்கு ஒன்றும் இல்லை. இது தெரியாமல் லேசருக்கு முந்தைய வாரம் த்ரெட்டிங்கும் வேக்ஸிங்கும் செய்துவிட்டு வருகிறவர்கள் நிறைய. நாலு வாரத்துக்கு வேரோடு பிடுங்கவே கூடாது, ஷேவ் செய்யலாம். ஷேவ் செய்தால் அடர்த்தியாக வளரும் என்பது வெறும் பயம்.

நம் தோலில் மேல் அடுக்கிலேயே கறுப்பு அதிகம். அலைநீளம் குறைந்த லேசர் வேருக்குப் போவதற்குள் தோலைச் சுட்டுவிடும். 1064 நானோமீட்டர் என்.டி.யாக் லேசர் கறுத்த தோலுக்குப் பாதுகாப்பானது என்பது அதனால்தான். எந்த மெஷின் என்று கேளுங்கள், தயங்காமல் சொல்ல வேண்டும். கன்னத்தில் பூனைமுடி மட்டுமே இருந்தால் லேசரே வேண்டாம். சிலருக்கு, குறிப்பாகப் பி.சி.ஓ.டி. என்ற சினைப்பை நீர்க்கட்டிக் கோளாறு உள்ளவர்களுக்கு, லேசருக்குப் பிறகு அந்த மெல்லிய முடி தடித்து வளர்வது உண்டு. மாதவிடாய் தள்ளிப்போகிறது, தாடையில் கம்பி மாதிரி முடி வருகிறது என்றால் முதலில் ஹார்மோன் பரிசோதனை. பத்து சிட்டிங் பேக்கேஜுக்கு இ.எம்.ஐ. போடுவதெல்லாம் அப்புறம்.

ஊசிகள்: குறைவாக, தள்ளித் தள்ளி

போடாக்ஸும் ஃபில்லரும் ஒன்றென்று நினைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். போடாக்ஸ் தசையைத் தளர்த்துகிறது. நாலைந்து நாளில் தெரிய ஆரம்பித்து, இரண்டு வாரத்தில் முழுமையாகி, மூன்று நாலு மாதத்தில் போய்விடும். ஃபில்லர் பள்ளத்தை நிரப்புகிற ஜெல்.

போடாக்ஸில் மிகை எங்கே தெரியும் என்றால் புருவத்தில். நாம் பேசுவதில் பாதி புருவத்தால்தான். “அப்படியா?” என்று கேட்கும்போது நெற்றி அசையவில்லை என்றால் எதிரில் இருப்பவருக்குக் காரணம் தெரியாது, ஆனால் ஏதோ சரியில்லை என்று தெரியும். முதல்முறை குறைந்த அளவில் போட்டு, இரண்டு வாரம் கழித்துத் தேவைப்பட்டால் கூட்டச் சொல்லுங்கள். போட்டதைக் கரைத்து எடுக்க மருந்து கிடையாது, அது தானாகப் போகும்வரை காத்திருக்க வேண்டியதுதான். பரதம் ஆடுகிறவர் நவம்பரில் நெற்றிக்கு ஊசி போட்டால் மார்கழி சீசன் முழுக்க அபிநயத்தில் அது தெரியும். டீச்சர், ஆர்.ஜே., மேடைப் பேச்சாளர் எல்லாரும் தன் வேலை என்ன என்று டாக்டரிடம் சொல்ல வேண்டும். கர்ப்பமாக இருக்கும்போதும் தாய்ப்பால் கொடுக்கும்போதும் போடாக்ஸ் வேண்டாம்.

ஃபில்லர் சிரிஞ்சில் பெரும்பாலும் ஒரு மில்லிதான் இருக்கும், டீஸ்பூனில் ஐந்தில் ஒரு பங்கு. மிச்சம் இருக்கிறதே, வீணாகப் போகிறதே என்று உதட்டில் போட வந்ததைக் கன்னத்திலும் ஏற்றிக்கொள்வது நம் சிக்கன புத்தி செய்கிற வேலை. அதே சிரிஞ்சில் மிச்சத்தை இன்னொருவருக்குப் போட அனுமதிக்கவே கூடாது. கருவளையத்துக்கு ஃபில்லர் கேட்பதும் பாதி நேரம் வீண். பள்ளத்தின் நிழலாக இருந்தால் ஃபில்லர் உதவும். நம்மில் பலருக்கு அது பரம்பரையாக வந்த நிறம், அல்லது அலர்ஜியில் கண்ணைக் கசக்கிக் கசக்கி வந்தது. அதை நிரப்பினால் வீக்கம்தான் மிஞ்சும்.

ஹயலுரானிக் அமில ஃபில்லர் என்றால் பிடிக்காவிட்டால் ஹயலுரானிடேஸ் போட்டுக் கரைக்கலாம். சிலிக்கோன் மாதிரி நிரந்தரமானதைக் கரைக்க முடியாது. ஊசி தவறி ரத்தக் குழாயில் போனால் தோல் வெளுக்கும், கடுமையாக வலிக்கும், வலை மாதிரி நீலம் பாயும், அரிதாகக் கண் பார்வையே போகும். அப்போது நிமிடங்கள் முக்கியம். அதனால் “ஹயலுரானிடேஸ் இங்கே ஸ்டாக் இருக்கா?” என்ற கேள்வியைப் பணம் கட்டும் முன் கேட்க வேண்டும். மொட்டை மாடிப் பார்லரில் இந்தக் கேள்விக்குப் பதில் இருக்காது.

யார் ஊசி பிடிக்கிறார்கள்

வெள்ளைக் கோட்டும் ‘காஸ்மெட்டாலஜிஸ்ட்’ போர்டும் தகுதி அல்ல. சில வாரக் கோர்ஸ் முடித்தவர்களும் அந்தப் பெயரைப் போட்டுக்கொள்கிறார்கள். எம்.பி.பி.எஸ்.ஸுக்கு மேல் தோல் மருத்துவத்தில் எம்.டி. அல்லது டிப்ளமோ, பிளாஸ்டிக் சர்ஜரி என்றால் எம்.சி.எச். இருக்க வேண்டும். தமிழ்நாடு மருத்துவக் கவுன்சிலின் பதிவு எண்ணைக் கேட்டு, பெயரோடு பொருந்துகிறதா என்று பார்க்கலாம். கன்சல்டேஷனில் ஒரு டாக்டரும், லேசர் அறையில் வேறு யாரோவும் இருப்பது சாதாரணமாகிவிட்டது. “எனக்கு யார் பண்ணப் போறாங்க?” என்று கேட்பதில் மரியாதைக் குறைவு ஒன்றும் இல்லை.

பணம் ஒரு தடை என்றால் ஆஃபரில் போகாமல் ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனை, ஸ்டான்லி, கீழ்ப்பாக்கம் மருத்துவமனைகளின் தோல் பிரிவுகளுக்குப் போகலாம். மங்கு, பரு, ஸ்டீராய்டு க்ரீம் கெடுத்த முகம் எல்லாம் அங்கே தினமும் பார்ப்பதுதான். கூட்டம் இருக்கும், காலையிலேயே போய்விட வேண்டும்.

ஒரு சிலருக்கு மூக்கைச் சரி செய்தால் உதடு, உதட்டுக்குப் பின் தாடை என்று குறை நகர்ந்துகொண்டே போகும். கண்ணாடி முன் மணிக்கணக்கில் நிற்பார்கள், விசேஷங்களுக்குப் போவதை நிறுத்துவார்கள். அது மனநல மருத்துவர் பார்க்க வேண்டியது. அங்கே இன்னொரு ஊசி போட்டால் நிலைமை மோசமாகத்தான் ஆகும். மத்திய அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416ல் தமிழிலேயே பேசலாம்.

சரி, எல்லாம் யோசித்து, செய்துகொள்வதென்றே முடிவாகிவிட்டதா? டப்பாவை உங்கள் கண் முன் பிரிக்கச் சொல்லுங்கள். அதில் பெயர், லாட் எண், காலாவதித் தேதி இருக்கும் ஸ்டிக்கரைக் கிழித்து உங்கள் ஃபைலில் ஒட்டச் சொல்லி, எந்த இடத்தில் எவ்வளவு போட்டார்கள் என்பதையும் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். நாளைக்கு வேறு டாக்டரிடம் போனால் அவர் முதலில் கேட்பது அதைத்தான்.