கூலன்ட் விளக்கு மறுபடி மறுபடி எரிந்தால்

காரில் கூலன்ட் (எஞ்சினைக் குளிர்விக்கும் திரவம்) குறைவு என்று காட்டும் விளக்கு எரிந்தால், தண்ணீர் ஊற்றி அதை அணைப்பதோடு விடாதீர்கள். காலையில் எஞ்சின் ஆறியிருக்கும்போது ரிசர்வ் போத்தலில் (மேலதிக கூலன்ட் நிற்கும் போத்தல்) மட்டம் நிற்கும் இடத்தில் டேப் ஒட்டுங்கள். மூன்று நாள் காலையில் மட்டும் பாருங்கள்.

மட்டம் குறையாமலே விளக்கு எரிந்தால், சில மொடல்களில் போத்தலின் அடியில் இருக்கும் லெவல் சென்சரில்தான் கோளாறு: மிதவையில் அழுக்கு, அல்லது பிளக்கில் பச்சைக் களிம்பு.

குறைந்தால் கசிவு. கொழும்பு வெக்கையில் ஏசி தண்ணீரும் சொட்டும், குழம்ப வேண்டாம், அது நிறமற்றது. கூலன்ட் விரலில் வழுவழுக்கும், இனிப்பாக மணக்கும். வோட்டர் பம்புக்குக் கீழே காய்ந்த கறை இருக்கிறதா பாருங்கள்.

அதிகம் ஏமாற்றுவது ரேடியேட்டர் மூடி. சூட்டில் போத்தலுக்கு ஏறிய கூலன்ட் ஆறியபின் திரும்பி இறங்காவிட்டால் மூடியின் ரப்பர், வால்வு அல்லது சின்ன ஹோஸைச் சந்தேகியுங்கள். கொழும்பில் வாகன உதிரிப்பாகக் கடைகள் உள்ள பஞ்சிகாவத்தையில் வாங்கும்போது பழைய மூடியைக் கொண்டுபோங்கள், அதில் அழுத்த எண் 0.9 என்றிருந்தால் 0.9தான், 1.1 வேண்டாம். சூட்டோடு திறக்கவே கூடாது.

வெளியே ஈரமில்லை, வெள்ளைப் புகை, ஒயில் மூடியில் பால்நிறக் கசடு என்றால் ஹெட் கஸ்கட் (எஞ்சின் பிளொக்குக்கும் மேல் தலைக்கும் இடையிலுள்ள அடைப்புத் தகடு) பழுதாக இருக்கலாம். ஓட்டாமல் கராஜுக்கு ஏற்றிவிடுங்கள்.